ஐஸ் பாரிலிருந்து எழுந்த குற்றக்குழு

சென்ற மாதம் எங்கள் குழுவில் ஒருவர் எழுதிய மூன்று பக்கக் காட்சியில், ஒரு விசைப்படகு உரிமையாளர் விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு பெட்டிக்கடையின் முன் நின்று, யாரும் கேட்காமலும் மிரட்டாமலும், எண்ணி வைத்திருந்த பணத்தை ஒரு தகர டப்பாவில் போட்டுவிட்டு, "எனக்கு இன்று எத்தனையாவது?" என்று மட்டும் கேட்கிறார். அந்த வரியைப் படித்தபோதுதான், நான்கு மாதங்களாக நான் கட்டுவதும் கலைப்பதுமாக இருந்த குற்றக்குழு ஒருவழியாகத் தன் காலில் நின்றுவிட்டது என்ற நம்பிக்கை வந்தது. அதை எழுதியவருக்கு நான் கொடுத்திருந்தது ஒரே ஒரு பக்கக் குறிப்பு. தகர டப்பா அதில் இல்லை.

நாங்கள் ஆறு பேர். வடந்தை என்ற கற்பனை நாட்டை மூன்று ஆண்டுகளாகப் பொதுவில் வைத்துக் கதைகள் எழுதிவருகிறோம். வரைபடம் வரைந்தவர் காற்றுகளின் பழம்பெயர்களில் பித்துக்கொண்டவர் என்பதால், வாடைக்காற்றின் பெயர் நாட்டுக்கும், கீழைக்காற்றின் பெயர் கொண்டல்துறை என்ற தலைமைத் துறைமுகத்துக்கும், மேலைக்காற்றின் பெயர் கோடைமலைக்கும் போயின. மக்கள்தொகை 38 இலட்சம், நாணயம் வராகன், கூலித்தொழிலாளியின் நாட்கூலி 20 வராகன். இவை முன்பே முடிவானவை, மாற்றக்கூடாதவை. நீதிமன்றம், பள்ளிக்கூடம், கோயில், தேர்தல் என்று ஒவ்வொருவரும் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டபோது, நாட்டின் குற்றக்குழுக்களை உருவாக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் முயற்சி இரண்டே மாலைகளில் முடிந்தது, அதுதான் அதன் குறையும். ஒரு நீளக் குறிப்பேடும் வண்ணப் பேனாக்களும் வாங்கி (340 ரூபாய்), ஐந்து குழுக்களுக்குப் பெயர், சின்னம், பச்சைகுத்து, கையசைவு, உறுதிமொழி, தலைவரின் முகத்தழும்பு வரை எழுதிவிட்டேன். ஹாங்காங்கின் ட்ரையட் என்ற குற்றக்குழுக்களில் சாதாரண உறுப்பினரை 49 என்று குறிப்பார்கள்; நான்கையும் ஒன்பதையும் பெருக்கினால் 36, அது சேரும்போது எடுக்கும் முப்பத்தாறு உறுதிமொழிகளின் எண்ணிக்கை. அதைப் பார்த்து நானும் என் குழுக்களுக்கு எண்முறை ஒன்றை அமைத்து, பெருக்கல் கணக்குகளை ஓரத்தில் அழகாக எழுதிவைத்தேன். எங்களில் மூத்தவரான அக்கா ஒருவர் இருபது பக்கங்களையும் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "எல்லாம் சரி தம்பி, இவர்கள் காலையில் எழுந்து எந்த வேலைக்குப் போகிறார்கள்?"

பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து, எடுத்தாண்ட மாதிரிகளையே மறுபடி படித்தபோது, அவற்றைத் தலைகீழாகப் படித்திருப்பது தெரிந்தது. ஜப்பானியக் குற்றக்குழுக்களுக்கு வழங்கும் யாகுசா என்ற பெயர் 8, 9, 3 என்ற மூன்று சீட்டுகளின் பெயர். ஜப்பானியச் சீட்டாட்டம் ஒன்றில் அவை மூன்றும் சேர்ந்தால் கூட்டுத்தொகை 20, கடைசி இலக்கம் சுழியம், அதாவது ஒன்றுக்கும் உதவாத கை. அந்தக் குழுக்களின் வேர் ஒருபுறம் சூதாட்டம் நடத்தியவர்களிடமும் மறுபுறம் திருவிழாத் தெருக்களில் கடை போட்டவர்களிடமும் இருக்கிறது. தொழில் முதலில் இருந்தது, பெயர் அதிலிருந்து உதிர்ந்தது. நானோ பெயரை எடுத்துக்கொண்டு தொழிலை விட்டுவிட்டேன். ஐந்து குழுக்களையும் கிழித்தெறியவில்லை. குறிப்பேட்டின் அந்தப் பக்கங்களை ஊசி போட்டு மூடிவைத்தேன்.

இரண்டாம் முயற்சியில் வருமானத்திலிருந்து தொடங்கினேன். ஓர் அரசு எதைத் தடை செய்கிறது, தடைக்குப் பிறகும் அது யாருக்கு வேண்டியிருக்கிறது, எந்த வழியாக வந்து சேருகிறது என்று மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை ஒன்றைப் போட்டேன். மாதிரிக்கு வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை இருந்த மதுவிலக்கை எல்லாரும் சொல்வார்கள்; எனக்கு அதைவிடப் பம்பாய் நெருக்கமாக இருந்தது. 1949-இன் மதுவிலக்குச் சட்டம் அங்கே கள்ளச்சாராயத்துக்கு ஒரு பெரும் சந்தையைத் திறந்துவிட்டது. தங்க இறக்குமதிக்கு இருந்த தடைகளும், அவற்றோடு 1968-இல் வந்து 1990 வரை நீடித்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமும், கடல்வழியே தங்கம் கடத்துவதை ஆதாயமான தொழிலாக வைத்திருந்தன. சாராயத்தில் வரதராஜ முதலியாரும் தங்கத்தில் ஹாஜி மஸ்தானும் என்று, அந்த இரண்டு தொழில்களிலும் தமிழ்நாட்டிலிருந்து போய்ச் சுமைதூக்கி வாழ்வைத் தொடங்கிய இருவர் பெயர் பெற்றது தமிழ் வாசகருக்குத் தெரிந்த செய்திதான். சுமைதூக்குபவருக்கு எந்தப் பெட்டி எந்த வாயிலில் எப்போது வெளியேறும் என்பது தெரியும் என்ற குறிப்பை அப்போது எழுதிவைத்தேன். பின்னால் அதுதான் உதவியது.

இந்த முறை இடறியது எண்ணிக்கையில். கணினி விரிதாளில் ஐந்து குழுக்களின் உறுப்பினர்களையும் கூட்டிப் பார்த்தால் 31,000 பேர் வந்தார்கள். அதாவது வடந்தையின் 122 பேரில் ஒருவர் முழுநேரக் குற்றவாளி, குழந்தைகளையும் கிழவர்களையும் சேர்த்து. ஜப்பானில் யாகுசா குழுக்கள் உச்சத்தில் இருந்த 1963-இல் காவல்துறைக் கணக்குப்படி ஏறத்தாழ 1,84,000 பேர் இருந்தார்கள். அன்றைய மக்கள்தொகை 9.6 கோடி என்றால் 520 பேருக்கு ஒருவர். அந்த உச்ச விகிதத்தையே வடந்தைக்குப் போட்டாலும் மொத்தம் ஏழாயிரத்துச் சொச்சம்தான் தேறும். ஒரே ஒரு குழுவுக்கு மட்டும் நான் 9,000 பேரைக் கொடுத்திருந்தேன். இத்தனை பேருக்குச் சோறு போட வேண்டுமானால் நாடு முழுவதும் கஞ்சாவும் கள்ளச்சாராயமும் வாங்குவதைத் தவிர வேறு வேலை பார்க்கக்கூடாது.

மூன்றாம் முயற்சியைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் பன்னிரண்டு மணி நேரம் அதில் வீணானது. எண்ணிக்கையைச் சரிசெய்துவிட்டு, காவல்துறை, நீதிமன்றம், நகராட்சி எல்லாவற்றையும் முழுதாக விலைபோனவை என்று வைத்தேன். முழுதாக விலைபோன நாட்டில் குற்றம் செய்ய ஒளிய வேண்டியதில்லை, ஒளிய வேண்டியதில்லை என்றால் கதையில்லை. சட்டத்தின் வடிவத்தைப் பொறுத்தே குழுவின் வடிவமும் அமைகிறது என்பதை அதன் பிறகுதான் கவனித்தேன். இத்தாலியில் 1982-இல்தான் மாஃபியா வகைச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பதே தனிக் குற்றமாயிற்று. ஜப்பானில் 1992-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் குழுக்களைத் தடை செய்யாமல் "குறிக்கப்பட்டவை" என்று பட்டியலிட்டது, எனவே அவை பெயர்ப்பலகை மாட்டிய அலுவலகத்தோடு தொடர்ந்து இருக்க முடிந்தது. 2011-க்குள் எல்லா மாநில அளவிலும் வந்த விதிகள், அவர்களுக்குப் பணம் கொடுக்கும் வணிகரையும் நெருக்கின. எங்கள் நீதிமன்றப் பகுதியை எழுதியவரிடம் போய், வடந்தையில் இப்போது எந்தக் கட்டம் நடக்கிறது என்று கேட்டேன். பணம் வாங்குபவர் குற்றவாளி, கொடுப்பவர் வெறும் சாட்சி என்ற கட்டம் என்று அவர் முடிவு செய்து கொடுத்தார். இந்த ஒரு வரியை நான் முதல் நாளே கேட்டிருக்கலாம்.

நான்காம் முயற்சிக்கு விதை, மாஃபியா பிறந்த சிசிலித் தீவின் எலுமிச்சை. 1795-இல் பிரித்தானியக் கடற்படை கப்பல்களில் எலுமிச்சைச் சாறு வழங்கத் தொடங்கிய பின் பழத்துக்குத் தேவை பெருகி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலேர்மோ நகரைச் சுற்றிய தோப்புகள் பெரும் பணம் ஈட்டின. தோப்பு போட்டவர் பழம் பார்க்கப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பழத்தை ஒரே இரவில் திருடிவிடலாம், பாசன நீரை ஒரு மடையில் நிறுத்திவிடலாம். தோப்புக் காவலரும் நீர் திறந்துவிடுபவரும் அங்கே ஏன் பலம் பெற்றார்கள் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அப்படியானால் வடந்தையில் தடை செய்யப்பட்ட பொருளைத் தேடுவதை விட்டுவிட்டு, கெட்டுப்போகும் பொருளையும் அது காத்திருக்க வேண்டிய இடத்தையும் தேட வேண்டும் என்று தோன்றியது.

வரைபடத்தை ஏ3 தாளில் நான்கு படிகள் எடுத்து (160 ரூபாய்), சாலை, வாய்க்கால், மீன், அரிசி ஆகியவற்றின் போக்கை ஒவ்வொன்றிலும் பென்சிலால் வரைந்தேன். கோடுகள் எல்லாம் கொண்டல்துறையின் படகுத்துறையில் வந்து முடிச்சு விழுந்தன. அந்த வாரமே எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள மீன்பிடித் துறைமுகத்துக்கு இரவில் போய் விடியும்வரை இருந்தேன். பேருந்துக்கும் தேநீருக்கும் சேர்த்து 210 ரூபாய். அங்கே நான் குற்றம் எதையும் பார்க்கவில்லை, பார்த்தது காத்திருப்பை. சாக்கு போர்த்திய ஐஸ் பார்கள் லாரியிலிருந்து இறங்குகின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 கிலோ. கொக்கியால் இழுத்து அரவை இயந்திரத்தில் தள்ளினால், காதை அடைக்கும் சத்தத்தோடு நொறுங்கி, சரிவுத் தகடு வழியாகப் படகின் ஐஸ் அறைக்குள் விழுகிறது. இயந்திரத்தின் முன் ஒரு நேரத்தில் ஒரு படகுதான் நிற்க முடியும். பின்னால் நிற்கும் படகுக்காரர் தம் பார்களைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். அவற்றின் அடியிலிருந்து நீர் ஓடி மேடையின் ஓரமாக வடிகிறது. அந்த நீரோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே குழுவின் தொழில் கிடைத்துவிட்டது. அவர்கள் ஐஸ் விற்கவும் வேண்டாம், மீன் திருடவும் வேண்டாம். யார் முதலில், யார் பிறகு என்பதை முடிவு செய்தால் போதும்.

எனவே அவர்களுக்குப் பெயர் "வரிசை". சின்னமும் பச்சைகுத்தும் கிடையாது. கொண்டல்துறையில் "வரிசையில் கேட்டுப்பார்" என்றால் போதும், கேட்பவருக்குப் புரியும். காவலர் ஒட்டுக்கேட்டாலும் அதில் குற்றமான சொல் ஒன்றும் இல்லை.

பிறகு கணக்கு. துறையில் 640 விசைப்படகுகள். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 40 நடை கடலுக்குப் போகிறது. நடைக்கு 120 பார். பாரின் விலை 40 வராகன், அதன் மேல் வரிசைக்குப் போவது 2 வராகன். மொத்தம் 25,600 நடை, நடைக்கு 240 வராகன், ஆண்டுக்கு 61,44,000 வராகன். நாட்கூலி 20 என்ற கணக்கில் முந்நூறு நாள் உழைப்பவரின் ஆண்டு வருமானம் 6,000. இந்தத் தொகை முழுவதையும் கூலியாகப் பிரித்தால்கூட ஆயிரத்து இருபத்துநான்கு பேருக்குத்தான் வரும். மூன்றில் ஒரு பங்கு துறைமுகத்துக்கும் காவல்நிலையத்துக்கும் நகராட்சிக்கும், இன்னொரு பங்கு தலைமைக்கும் வழக்கறிஞர்களுக்கும் சிறைப்பட்டவர்களின் குடும்பங்களுக்கும் என்று கழித்து, ஆளுக்குக் கூலியைவிடக் கால்பங்கு அதிகமாக 7,500 கொடுத்தால் 273 பேர். 9,000-இலிருந்து 273-க்கு இறங்கியது முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் 273 பேர் என்றால் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைப்பார்கள், யார் மகளுக்கு யார் கல்யாணத்தில் மொய் வைத்தார் என்பது தெரியும், ஒருவர் காணாமற்போனால் மறுநாள் எல்லாருக்கும் தெரியும். எழுதுவதற்கு வேண்டியது அதுவே.

ஐஸ் அளவையும் சரிபார்த்தேன். ஆண்டுக்கு 30,72,000 பார், அதாவது 1,53,600 டன், முந்நூறு நாளுக்கு நாளொன்றுக்கு 512 டன். ஐம்பது டன் ஆலைகள் பதினொன்று வேண்டும். இதைக் கேட்டதும் அக்கா, "பன்னிரண்டாவது ஆலையை அரவை இயந்திரத்தோடு வேறோர் இடத்தில் ஒருவர் கட்டினால் உன் வரிசை கலைந்துவிடாதா?" என்றார். நல்ல அடி. இரண்டு நாள் யோசித்தபின் வரைபடமே வழி காட்டியது: கொண்டல்துறைக்கு நன்னீர் வருவது கோடைமலையிலிருந்து இறங்கும் ஒரே வாய்க்காலில், ஆலைக்கு நீர் இணைப்புக் கொடுப்பது நகராட்சியின் ஒரு மேசை. அந்த மேசைக்கு மாதாமாதம் போகும் பங்குதான் வரிசையின் உண்மையான முதலீடு. சிசிலியின் மடையை நான் திருடவில்லை என்று சொல்லமாட்டேன், கொஞ்சம் வேறு இடத்தில் வைத்தேன், அவ்வளவுதான்.

மக்கள் அவர்களை ஏன் சகித்துக்கொள்கிறார்கள் என்ற கேள்வி எஞ்சியது. 1995-இல் கோபே நிலநடுக்கத்தின்போது அங்கிருந்த பெரிய யாகுசா குழு மக்களுக்கு உணவும் நீரும் வழங்கியது பதிவான செய்தி. அதையே புயலாக்கி எழுதியிருந்தேன், ஆனால் புயல் எப்போதோ வருவது, அன்றாடத்துக்கு உதவாது. துறைமுகத்தில் கேட்ட ஒரு பேச்சு நினைவுக்கு வந்தது: வெளியூரிலிருந்து மகன் வரும்வரை ஒரு முதியவரின் உடலை வைத்திருக்க ஐஸ் வாங்கிப்போனது பற்றி. வடந்தையில், துறைமுகத் தெருக்களில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் வரிசையிலிருந்து நான்கு பார்கள் விலையில்லாமல் வந்து இறங்கும், யார் கொடுத்தார்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். நான்கு பாருக்கு 160 வராகன். ஆண்டுக்கு ஐந்நூறு சாவுக்கு 80,000 வராகன். மொத்த வருமானத்தில் நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவு. இதைவிட மலிவாக ஊரின் வாயை அடைக்கும் வழி எனக்குத் தெரியவில்லை.

துணைத்தொழிலாக ஒரு சூதாட்டத்தையும் சேர்த்தேன், அதில் அசட்டுத்தனமாகச் சறுக்கினேன். பம்பாயின் மட்கா என்ற எண் சூதாட்டம் தொடக்கத்தில் நியூயார்க் பருத்திச் சந்தையின் விலை எண்களை வைத்து ஆடப்பட்டது. யாரும் கைவைக்க முடியாத, எல்லாருக்கும் தெரியவரும் எண் என்பதே அதன் நம்பகம். நான் துறைமுகப் பலகையில் எழுதப்படும் கடல் ஏற்றத்தின் உயரத்தை எண்ணாக வைத்தேன். எங்களில் கப்பல் பணியில் இருந்தவர் சிரித்துவிட்டார். ஏற்ற இறக்க அட்டவணையை ஓராண்டுக்கு முன்பே அச்சிட்டு விற்கிறார்கள், விடை தெரிந்த தேர்வுக்கு எவன் பந்தயம் கட்டுவான் என்றார். அதை மீன் ஏலத்தின் அன்றைய மொத்தத் தொகையில் கடைசி இரண்டு இலக்கங்களாக மாற்றினேன். இப்போது ஏலக் கணக்கர் ஒருவருக்கு அந்த இலக்கங்களை மாற்றும் கை இருக்கிறது, அவருக்குத் திருமணமாகாத தங்கைகள் இருவர் இருக்கிறார்கள். இதற்கு மேல் நான் எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை, வேறொருவர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

கடைசிக் கட்டம் சோதனை. குழுவைப் பற்றி ஒரே ஏ4 பக்கத்துக்கு மேல் தரக்கூடாது என்று எனக்கு நானே விதி வைத்து, என்ன விற்கிறார்கள், யார் வாங்குகிறார்கள், பங்கு யாருக்கு, பகை யார் என்று எழுதி மூன்று பேருக்குக் கொடுத்தேன். முதலில் வந்த கதையில் வரிசை ஒரு வங்கியைக் கொள்ளையடித்து அமைச்சரின் மகனைக் கடத்தியிருந்தது. எழுதியவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அவர்கள் எதைச் செய்யமாட்டார்கள் என்று நான் எங்கும் எழுதவில்லை. சோவியத் சிறைகளில் உருவான "சட்டத்தில் நின்ற திருடர்கள்" அரசுக்கு எந்த வகையிலும் துணைபோகக்கூடாது என்ற விதி வைத்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது சோவியத் செம்படையில் சேர்ந்து சண்டையிட்டுவிட்டு மறுபடி சிறை முகாமுக்கு வந்தவர்களைத் துரோகிகள் என்று ஒதுக்கியதில் முகாம்களுக்குள் நீண்ட இரத்தக்களரி மூண்டது. ஒரு தடை அத்தனை கதையைச் சுமக்கும். எனவே பக்கத்தின் அடியில் "செய்யாதவை" என்று ஒரு பத்தியைச் சேர்த்தேன்: கரையைத் தாண்டிக் கடலில் எந்தப் படகையும் தொடுவதில்லை, சாவு வீட்டில் பணம் கேட்பதில்லை, வரிசையில் ஒருமுறை சொன்ன எண்ணை அன்றைக்குள் மாற்றுவதில்லை. இரண்டாம் சோதனையில்தான் தகர டப்பா வந்தது.

ஆன செலவு, அட்டைகளுக்கான 90 ரூபாயையும் சேர்த்து 800 ரூபாய். நேரம் 74 மணி, அதில் முதல் மூன்று முயற்சிகளுக்குப் போனது 37. மறுபடி செய்வதானால் பெயரைக் கடைசிக்குத் தள்ளுவேன். நாட்கூலியையும் சட்டத்தின் கட்டத்தையும் தெரிந்துகொள்ளாமல் ஒரு வரியும் எழுதமாட்டேன். வண்ணப் பேனா வாங்கமாட்டேன். தலைமை மாறும் விதத்தை இன்னும் தீர்க்கவில்லை. கணக்கு எழுதுவது தலைவரின் மைத்துனி என்று மட்டும் முடிவாகியிருக்கிறது, அவர் எழுதும் பேரேட்டில் படகுகளுக்குப் பதில் அவற்றின் முன்புறத்து வண்ணங்கள் இருக்கும்.

நேற்று கப்பல் பணியில் இருந்தவர் அழைத்தார். அடுத்த தொகுதிக் கதைகள் பத்தாண்டு கழித்து நடப்பதால், பெரிய படகுகளில் நூற்றிருபதில் குளிரூட்டும் இயந்திரம் பொருத்தியாக வேண்டும், அவற்றுக்கு ஐஸ் தேவைப்படாது என்று சொல்கிறார். 520 படகுகள் என்று வைத்தால் ஆண்டு வருமானம் 49,92,000 வராகனாகக் குறைகிறது. அதே பங்கீட்டில் 221 பேருக்குத்தான் சம்பளம் வரும். விரிதாளில் 273-ஐ அடித்துவிட்டு எண்ணை மாற்றிவிட்டேன். வெளியேற்றப்படும் ஐம்பத்திரண்டு பேர் யார் என்பதை மைத்துனியின் பேரேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.